ஒட்டியது தெரியும், ஒட்டியது யார்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா அருகே ஒரு ஆய்வுக்கூடத்தில் லேசர் ஒளியை வைத்து வைரஸைப் பிடிக்கும் சிப் செய்கிறார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அலைவழி இன்டர்ஃபெரோமீட்டர் என்று பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடிப்போய்விட்டீர்களே என்று கடிதங்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதற்கே.

கேள்வி: சாயம் போடவில்லை, மைக்ராஸ்கோப்பில் பார்க்கவில்லை, வெறும் வெளிச்சத்தை விட்டு வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்ல முடியும்? கணக்கோடு சொன்னால் சந்தோஷப்படுவேன்.
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

கணக்கோடே சொல்கிறேன். ஒரு சிலிக்கான் துண்டு, அதன்மேல் கண்ணாடி மாதிரி சிலிக்கான் டை ஆக்சைடு படலம், அதற்கும் மேல் சிலிக்கான் நைட்ரைடில் சில மைக்ரான் அகலத்துக்கு ஒரு கோடு. இந்தக் கோடுதான் அலைவழி. நைட்ரைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2, கீழே இருக்கும் ஆக்சைடுக்கு 1.46, மேலே ஓடும் தண்ணீருக்கு 1.33. இரண்டு பக்கமும் எண் குறைவு என்பதால் உள்ளே விட்ட லேசர் வெளியே தப்ப வழியில்லாமல் கோட்டோடு கோடாக ஓடும், பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இது. ஆனால் அந்தக் கோட்டின் தடிமன் ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைவு. அதனால் ஒளி முழுசாக உள்ளே அடங்காது. வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி சந்துக்குள் போகும்போது பிதுங்கி நிற்கும் வைக்கோல் இரண்டு பக்கத் திண்ணைகளையும் உரசிக்கொண்டே போகுமே, அப்படி ஒளியின் ஒரு பங்கு கோட்டுக்கு வெளியே தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு போகும். நீட்டும் தூரம் 100, 200 நானோமீட்டர்தான், அதைத் தாண்டி என்ன நடந்தாலும் அதற்கு அநேகமாகத் தெரியாது.

இப்போது கோட்டின் மேல் அந்த வைரஸுக்கு உரிய ஆன்டிபாடியை, அதாவது அந்த வைரஸை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதத்தை, ஒட்டி வைக்கிறார்கள். வைரஸ் வந்து பிடிபட்டால் அந்த இடத்தில் இருந்த தண்ணீர் விலகி, அதைவிட ஒளிவிலகல் எண் அதிகமான புரதச் சரக்கு உட்காரும். ஒளியின் வேகம் இம்மி குறையும். அந்த இம்மியை நேரடியாக அளக்க முடியாது, அதனால் ஒளியை முன்னாலேயே கை என்று சொல்லும் இரண்டு கிளைகளாகப் பிரித்து, ஒரு கையில் வைரஸைச் சந்திக்க விட்டு, இன்னொரு கையைச் சும்மா ஓடவிட்டு, கடைசியில் இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். ஒன்று பின்தங்கியிருந்தால் சேர்ந்த இடத்தில் வெளிச்சம் கூடும் அல்லது குறையும். இப்படிப் பிரித்துச் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் இன்டர்ஃபெரோமீட்டர் என்று பெயர். 1891, 92 வாக்கில் செண்டர், மாக் என்ற இரண்டு பேர் கண்ணாடிகளையும் ஒளிபிரிப்பான்களையும் மேஜைமேல் வைத்துச் செய்த மாக்-செண்டர் ஏற்பாடுதான் இது, இப்போது விரல்நுனி அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

நீங்கள் கேட்ட எண்: சிவப்பு லேசரின் அலைநீளம் 633 நானோமீட்டர், உணரும் பகுதி 15 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் சுமார் 23,700. அதாவது ஒளி உணரும் விலகல் எண் 23,700-ல் ஒரு பங்கு, தோராயமாக 0.00004, மாறினாலே வெளிச்சம் பிரகாசம், இருட்டு, மறுபடி பிரகாசம் என்று ஒரு முழுச் சுற்று வந்துவிடும். ஒரு சுற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துவிடும். அப்படியானால் எட்டாவது தசம இடத்தில் நடக்கும் மாற்றம் தெரிகிறது. உங்கள் வங்கியில் எட்டாவது தசமத்துக்கு யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள், இங்கே சண்டையே அதற்குத்தான்.

கேள்வி: இரண்டு கை வேண்டும் என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. ஆனால் பார்சிலோனா சிப் படத்தில் ஒரே நேர்கோடுதான் இருந்தது. படம் தப்பா?
– பாலிடெக்னிக் ஆசிரியர், சிவகாசி

படம் சரி. கண் கூர்மை உங்களுக்கு. லாரா லெச்சுகா என்பவர் தலைமையில் ஐ.சி.என். 2 என்ற நானோ ஆராய்ச்சி நிறுவனத்தில் நடக்கும் வேலை அது, 2020-ல் கொரோனா வந்தபோது ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுத்த கான்வாட் திட்டமும் இதை நம்பித்தான் தொடங்கியது. கோட்டின் முதல் பகுதியை மெல்லிசாக வைத்து ஒளி ஒரே பாங்கில் மட்டும் ஓடும்படி செய்கிறார்கள், அப்புறம் ஒரு படி ஏற்றித் தடிமனைக் கூட்டுகிறார்கள். தடித்த இடத்தில் ஒரே கோட்டுக்குள் ஒளி இரண்டு பாங்குகளில் ஓட முடியும்: ஒன்று நடுவிலேயே ஒடுங்கி ஓடும், இன்னொன்று அதிகமாக வெளியே நீட்டி ஓடும். வைரஸ் ஒட்டினால் நீட்டி ஓடுகிறவனுக்குத்தான் அதிகம் உறைக்கும், ஒடுங்கினவன் ஒப்பீட்டுக்கு. முடிவில் இரண்டும் சேர்ந்து விழும் புள்ளி மேலேயும் கீழேயும் ஆடும், அதை மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்த ஒளியுணர் டையோடு ஒன்று பார்க்கிறது. பிரிக்கும் கிளையும் வேண்டாம், சேர்க்கும் கிளையும் வேண்டாம். எனக்கு இந்த வகையிலேயே மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

கேள்வி: 12-ம் வகுப்பு இயற்பியலில் யங் இரட்டைப் பிளவுச் சோதனை வருகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? பரீட்சைக்கு வருமா?
– மாணவி, திண்டுக்கல்

பரீட்சைக்கு வராது, தொடர்பு நிறைய உண்டு. நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்ற ஊரில் ட்வென்டே பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே செய்த சிப்பில் பிரிந்த ஒளியைச் சிப்புக்குள் மறுபடி சேர்க்கவே இல்லை. நாலு அலைவழிகளின் வாயிலிருந்தும் ஒளியை வெளியே விரியவிட்டு, எதிரே ஒரு கேமரா வைத்தார்கள். உன் புத்தகத்தில் இரண்டு பிளவு, அங்கே நாலு வாய். திரையில் விழும் வெளிச்ச, இருட்டுப் பட்டைகள் அப்படியே யங் படம்தான்.

நாலும் ஒன்றோடொன்று குழம்பாதா என்று உனக்குத் தோன்ற வேண்டும். குழம்பும். அதனால் வாய்களுக்கு இடையே உள்ள தூரங்களை ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறாக வைத்தார்கள். பிளவுகளின் இடைவெளி மாறினால் பட்டையகலம் மாறும் என்று நீ சூத்திரம் படித்திருப்பாய், அதே சூத்திரம். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனிப் பட்டையகலம் இருப்பதால் கம்ப்யூட்டரில் ஃபூரியே மாற்றம் என்ற கணக்கைப் போட்டு, எந்த ஜோடியின் பட்டைகள் எவ்வளவு நகர்ந்தன என்று பிரித்து எடுத்துவிடலாம். மூன்று வழியில் மூன்று வேறு ஆன்டிபாடி, நாலாவது ஒப்பீட்டுக்கு என்று வைத்துக்கொண்டால் ஒரே சொட்டில் மூன்று கிருமியைத் தேடலாம். 2007-ல் இவர்கள் வாய்ப்புண் தரும் ஹெர்ப்பிஸ் வைரஸை ஒரு மில்லிலிட்டரில் 850 துகள் என்ற அளவு வரைக்கும் பிடித்துக் காட்டினார்கள்.

கேள்வி: ஈர்ப்பு அலையைப் பிடித்த லைகோவும் இன்டர்ஃபெரோமீட்டர்தானாமே?
– வாசகர், காரைக்குடி

ஆமாம். அங்கே கை 4 கிலோமீட்டர், இங்கே ஒன்றரை சென்டிமீட்டர். அங்கே நீளம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள், இங்கே வழியில் எதாவது ஒட்டிக்கொண்டதா என்று.

கேள்வி: ஆய்வு மாணவன் நான். எங்கள் மாக்-செண்டர் சிப்பில் சுத்தத் தண்ணீரிலிருந்து உப்பு பஃபருக்கு (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் உப்புக் கரைசல்) மாற்றினாலே சிக்னல் ஏழெட்டுச் சுற்று ஓடிவிடுகிறது, அப்புறம் ஏசி ஆன் ஆகும்போதெல்லாம் ஆடுகிறது. ஒப்பீட்டுக் கைமேல் ஆக்சைடு மூடித்தான் வைத்திருக்கிறோம். சிப் போய்விட்டதா சார்?
– ஊர் வேண்டாம் என்று எழுதியவர்

சிப் நன்றாக இருக்கிறது தம்பி, ரொம்ப நன்றாக இருப்பதுதான் உங்கள் பிரச்சினை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.9 சதவீத உப்புத் தண்ணீருக்கும் சும்மா தண்ணீருக்கும் ஒளிவிலகல் எண்ணில் வித்தியாசம் சுமார் 0.0016. வெளியே நடக்கும் மாற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒளிக்கு உறைக்கிறது என்று வைத்தால் 0.00032. மேலே கும்பகோணத்துக்காரருக்குச் சொன்ன 0.00004-ஆல் வகுத்தால் எட்டு. உங்கள் ஏழெட்டுச் சுற்று அங்கேயே வந்துவிட்டது. தண்ணீரின் எண் ஒரு டிகிரி சூட்டுக்கு சுமார் 0.0001 குறையும், அது கிட்டத்தட்ட அரைச் சுற்று. நீங்கள் தேடும் புரதம் கொடுக்கப்போவது ஒரு சுற்றில் நூறில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். ஏசி உங்களை ஜெயிப்பதில் ஆச்சரியமே இல்லை.

முதல் வேலை, ஒப்பீட்டுக் கையின் மேலிருக்கும் ஆக்சைடைத் திறந்துவிடுங்கள். மூடியிருந்தால் அதற்கு உப்பும் தெரியாது, தண்ணீரின் சூடும் தெரியாது, அப்புறம் எதை வைத்து கழிப்பீர்கள்? திறந்துவிட்டு, அதன்மேல் சம்பந்தமில்லாத ஒரு ஆன்டிபாடியைப் பூசுங்கள். இரண்டு கைக்கும் ஒரே திரவம் ஓடட்டும். மாதிரியையும் ஓடும் அதே பஃபரில்தான் கலக்க வேண்டும், வேறு பாட்டிலில் கலக்கிய பஃபர் என்றால்கூட ஒரு படி ஏறி இறங்கும். பஃபர், மாதிரி, மறுபடி அதே பஃபர் என்று ஓட்டி, முதல் பஃபருக்கும் கடைசி பஃபருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒட்டியதாக எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி ஓடும்போது தெரியும் உயரத்தை நம்பாதீர்கள். சிப்புக்கு அடியில் பெல்டியர் தகடு வைத்து சூட்டைப் பிடித்து நிறுத்துங்கள், பஃபரில் காற்றை நீக்கிவிட்டு ஓட்டுங்கள், ஒரு குமிழி உட்கார்ந்தால் அரை நாள் போச்சு.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வெளிச்சம் கொசைன் வளைவில் போவதால் உச்சியில் இருக்கும்போது சரிவு பூஜ்யம், எது ஒட்டினாலும் சிக்னல் அசையாது. திரும்பி வருவது ஏற்றமா இறக்கமா என்றும் புரியாது. வெளியேறும் இடத்தில் ஒன்றுக்குப் பதிலாக 120 டிகிரி இடைவெளியில் மூன்று வாய் வைத்தால் எதாவது ஒன்று எப்போதும் சரிவில் இருக்கும். புது சிப் செய்ய வழியில்லை என்றால் லேசர் டையோடின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் ஆட்டி அலைநீளத்தை அசைத்துப் பார்க்கலாம், ஆனால் அதற்கு இரண்டு கைக்கும் நீளம் கொஞ்சம் வித்தியாசமாக இருக்க வேண்டும். சரிசமமாக இருந்தால் ஆட்டி ஒன்றும் ஆகாது.

கேள்வி: 18 வருஷமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன். எலைசா, பி.சி.ஆர்., ராபிட் கார்டு எல்லாம் வந்தது. நீங்கள் சொல்லும் இந்த சாமான் மட்டும் ஏன் வரவேயில்லை? எலைசா காலி ஆகிவிடுமா?
– லேப் டெக்னீஷியன், மதுரை

எலைசா காலி ஆகாது, நிம்மதியாக இருங்கள். கேள்வியின் முதல் பாதிதான் சரியான கேள்வி. நான் மேலே சொன்ன ட்வென்டே ஆட்கள் 1993-லேயே மாக்-செண்டர் சிப் வைத்து எச்.சி.ஜி. ஹார்மோனை அளந்து காட்டிவிட்டார்கள், நீங்கள் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தினம் பார்க்கும் அதே ஹார்மோன்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒளியின் கூர்மை போதவில்லை என்று இந்தத் துறையில் யாரும் புலம்பிக் கேட்டதில்லை. புலம்பல் எல்லாம் ஒட்டும் பரப்பைப் பற்றித்தான்.

இந்தக் கருவிக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: பரப்பின் மேல் சரக்கு கூடியிருக்கிறது. என்ன சரக்கு என்று தெரியாது. ரத்தச் சீரத்தில் ஒரு லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் ஆல்புமின் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மாரடைப்பு சந்தேகத்தில் பார்க்கும் ட்ரோபோனின் டி-யின் வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். ஒன்றுக்கு மற்றது கிட்டத்தட்ட 300 கோடி மடங்கு. அந்த ஆல்புமினில் துளியூண்டு, ஆன்டிபாடிகளுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டால்கூட ட்ரோபோனினின் சத்தம் கேட்காது. எலைசாவில் ஏன் இந்தக் கஷ்டம் குறைவு? பிடிக்க ஒரு ஆன்டிபாடி, அப்புறம் நொதி கட்டிய இன்னொரு ஆன்டிபாடி என்று இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் நிறம் வரும். ஆல்புமின் தட்டில் ஒட்டினாலும் நிறம் தராது. பி.சி.ஆர். இருப்பதைப் பெருக்கியே எடுத்துவிடுகிறது. இங்கே சாயமும் இல்லை, பெருக்கமும் இல்லை, ஒரே ஒரு ஆன்டிபாடியை நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

காலி இடத்தை பாலி எத்திலீன் கிளைக்கால் பூச்சு, பி.எஸ்.ஏ. என்ற மாட்டு ஆல்புமின் என்று எதையாவது வைத்து அடைக்கிறார்கள், பலன் உண்டு, முழுசாக இல்லை. சிலர் முதல் ஆன்டிபாடிக்கு மேல் இரண்டாவதையும் ஓட்டுகிறார்கள், நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அப்புறம் 'ஒரே படி, கூடுதல் சரக்கு எதுவும் தேவையில்லை' என்று மார்தட்டிக்கொண்டதில் பாதி போய்விட்டது. ஒரு சிப்பைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று கிளைசின் கலந்த அமிலக் கரைசல் விட்டுக் கழுவினால் ஒவ்வொரு கழுவலிலும் ஆன்டிபாடி கொஞ்சம் சாகும். லேசரை மைக்ரான் அளவுக் கோட்டின் வாய்க்குள் நேராக விடுவது இன்னொரு தலைவலி, உங்கள் லேபில் மிக்ஸி ஓடினால் ஆடிவிடும். புரத ஆராய்ச்சிக்கூடங்களில் 1990-லிருந்தே பியாகோர் கருவி இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டது, அதுவும் இதே வேலையைத் தங்கப் படலத்தில் செய்கிறது.

அதனால் 'பத்து நிமிஷத்தில் ஒளியே நோயைச் சொல்லும்' என்று தலைப்பைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது ஒரே விஷயம்: எந்தத் திரவத்தில் சோதித்தார்கள்? பஃபரிலா, பத்து மடங்கு நீர்த்த சீரத்திலா, நோயாளியின் ரத்தத்திலா? பஃபர் என்றால் பக்கத்தைத் திருப்பிவிடலாம், வாழ்த்துச் சொல்லிவிட்டு.

கேள்வி: ஒரே ஒரு வைரஸைக்கூடப் பிடிக்கும் என்கிறார்களே, நிஜமா?
– வாசகி, நாகர்கோவில்

ஒளிக்குத் தெரியுமா என்றால் கிட்டத்தட்டத் தெரியும். ட்வென்டே ஆட்கள் நேரடியாக அளந்தது மில்லிலிட்டருக்கு 850, அந்த அளவுகளை வைத்துக் கணக்கை நீட்டிப் பார்த்தால் ஒற்றைத் துகள் ஒட்டுவதை நெருங்குகிறது என்று எழுதினார்கள். ஆனால் அந்த ஒரு வைரஸ் கோட்டுக்கு வந்து சேர வேண்டுமே! மில்லிலிட்டருக்கு 850 என்றால் 10 மைக்ரோலிட்டர் சொட்டில் எட்டோ ஒன்பதோதான். 100 நானோமீட்டர் வைரஸ் தண்ணீரில் தானாக அலைந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம் போக சுமார் 20 நிமிஷம் ஆகும். அதற்குள் ஓடும் திரவம் அதை வெளியே அடித்துக்கொண்டு போய்விடும். அலைவழி சில மைக்ரான் அகலம், கால்வாய் அதைவிடப் பல மடங்கு அகலம். தரை முழுக்க ஆன்டிபாடி பூசியிருந்தால் பாதிக்கு மேல் ஒளி பார்க்காத இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். பிடித்த வைரஸ் பிடிபட்டதே தெரியாமல் கிடக்கும்.

கேள்வி: நிலக்கடலை வியாபாரம். ஏற்றுமதிக்கு அஃப்ளடாக்சின் தொல்லை பெரிய தொல்லை. வைரஸ் மாதிரி பூஞ்சை விஷத்தையும் இது பிடிக்குமா?
– திண்டிவனம்

பிடிக்கும், ஆனால் நேர்வழியில் இல்லை. கருவி பார்ப்பது ஒட்டிய சரக்கின் அளவை. அஃப்ளடாக்சின் பி1 மூலக்கூறு எடை 312, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியின் எடை ஒன்றரை லட்சம். விஷம் வந்து ஒட்டினாலும் ஒளிக்கு உறைக்காது. அதனால் தலைகீழாகச் செய்கிறார்கள். சிப்பின் மேல் விஷ மூலக்கூறையே கட்டி வைத்துவிடுவது, உங்கள் கடலைச் சாற்றில் ஆன்டிபாடியைக் கலந்து ஓடவிடுவது. சாற்றில் விஷம் இல்லை என்றால் ஆன்டிபாடி எல்லாம் சிப்பில் வந்து உட்காரும், சிக்னல் ஏறும். விஷம் இருந்தால் ஆன்டிபாடி வழியிலேயே அதைப் பிடித்துக்கொண்டு கை நிறைந்து போகும், சிக்னல் குறையும். சிக்னல் குறைந்தால் சரக்கு மோசம்.

கிரேக்க நாட்டு ஏதென்ஸில் டெமோக்ரிடோஸ் ஆய்வு மையம் பீரில் பூஞ்சை விஷங்களை இப்படித்தான் தேடியது. அவர்கள் சிப்பில் பத்து மாக்-செண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒளிமூலமும் அதே சிலிக்கானில் செய்தது, லேசரை வெளியிலிருந்து குறிபார்த்து விட வேண்டிய அவஸ்தையே இல்லை. பீர் ஏற்கெனவே திரவம், அவர்களுக்கு சௌகரியம். கடலையை அரைத்து மெத்தனால் கலந்து விஷத்தை இறக்க வேண்டும், மெத்தனாலும் ஒளிவிலகல் எண்ணைத் தூக்கிவிடும், நன்றாக நீர்த்துத்தான் சிப்பில் விட வேண்டும். அப்புறம், ஒரு மூட்டையில் நாலு கடலையில்தான் பூஞ்சை இருக்கும். அந்த நாலும் உங்கள் மாதிரியில் விழவில்லை என்றால் உலகத்தில் எந்தக் கருவியும் உதவாது.

கேள்வி: வீட்டில் வைத்துக்கொள்ள எப்போ வரும்?
– வாசகர், ஆவடி

ராபிட் கார்டு தீர்ந்துபோனால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: பண்ணையில் பறவைக் காய்ச்சல் பயம் வருஷா வருஷம். இதை வைத்துப் பண்ணையிலேயே பார்க்க முடியுமா?
– கோழிப் பண்ணை வைத்திருப்பவர், நாமக்கல்

உங்களுக்காகவே செய்த மாதிரி ஒரு வேலை உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் கோழிக்குப் பேர் போனது, அங்கே ஜார்ஜியா டெக் ஆட்கள் கோழி ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து 2007-ல் அலைவழி இன்டர்ஃபெரோமீட்டரில் பறவைக் காய்ச்சல் வைரஸை உடைக்காமல், முழுசாகவே பிடித்துக் காட்டினார்கள். முழு வைரஸ் பெரிய சரக்கு, அதனால் நிலக்கடலை விஷம் மாதிரி சுற்றுவழி வேண்டாம், நேராகவே தெரியும். பறவைக் காய்ச்சல் வைரஸை அதன் மேற்பரப்புப் புரதத்தை வைத்து எச் வகைகளாகப் பிரிப்பார்கள், ஒவ்வொரு கால்வாயிலும் வேறு வேறு எச் வகைக்கான ஆன்டிபாடி வைத்தால் எந்த வகை என்றும் ஊகிக்கலாம்.

உங்கள் பண்ணையில் எடுப்பது தொண்டையிலும் ஆசனவாயிலும் துடைத்த பஞ்சு. அதில் சளி, எச்சம், தீவனத் தூசி எல்லாம் இருக்கும், மதுரைக்காரருக்குச் சொன்ன ஆல்புமின் கதை இங்கே இன்னும் மோசம். வடிகட்டி, நீர்த்து, பக்கத்துக் கால்வாயோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தக் கொட்டகையைத் தனியே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் அளவுக்கு உதவலாம், அதற்கு மேல் நான் பந்தயம் கட்ட மாட்டேன். நம் நாட்டில் உறுதிசெய்வது போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் நிறுவனம், சிப் என்ன சொன்னாலும் கோழி திடீரென்று சாக ஆரம்பித்தால் அன்றைக்கே கால்நடைத் துறைக்குப் போன் போடுங்கள்.